பறிக்காத கொழுந்து எந்தக் கணக்கு?

மஸ்கெலியா
2025 மார்ச் 2, ஞாயிறு

தனு, தனு, தனு, யூடியூப்புல கணக்கு சொல்லித் தாற அழகன் சார் எனக்குப் பதில் போட்டுட்டாருடீ, அதுவும் பேரு சொல்லி, அதுவும் ஹார்ட்டோட, இப்ப முழுக் கோர்ஸையும் சந்தாவுல தொறக்கப் போறாராம், நான் சேரப்போறேன்!

இரு, மூச்சு விட்டுக்கிறேன்.

நீதான் வட்ஸ்அப்புல என்ன மியூட் பண்ணிட்டியே. "ஒன் வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் சேத்தா ஒரு படமே ஓட்டலாம், மெயில் எழுது, ஞாயித்துக்கெழம ஆற அமரப் படிக்கிறேன்"னு சொன்ன. கொழும்புல ஒரு கொம்பனியில வேல கெடச்சதும் ராகலக்காரிக்கு இவ்வளவு கெத்தான்னு கேக்க நெனச்சேன். கேக்கல. மெயிலே எழுதுறேன். லயத்து வீட்டுல சிக்னல் இல்லாததால மடுவத்துக்குப் பின்னால இருக்க பாறையில ஏறி உக்காந்து எழுதுறேன். கீழ மடுவத்துல கொழுந்து நிறுக்கிறாங்க. மேல நான் எழுதுறேன்.

விஷயத்துக்கு வாறேன். அம்மா சீட்டு எடுத்துக் குடுத்திருச்சு. "ஒண்ணு வாங்கிக்க. அடுத்த சீட்டு கூரைக்கு"ன்னு சொல்லிருச்சு. அப்ப ஒரே ஒரு கோர்ஸ்தான். தப்பானத எடுத்தேன்னா இந்த வருஷமும் போச்சு, ஆகஸ்ட் பரீட்சையும் போச்சு. ஹட்டன் ஹாஸ்டல்ல நம்ம பண்ண சத்தியமும் போச்சு. கணக்காளர் பரீட்சை ரெண்டாம் படிய ரெண்டு பேரும் ஒரே ஹோல்ல, ஒரே நாள்ல எழுதுவோம்னு சொன்னமே, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு.

அதனால நான் மூணையும் ஆராய்ச்சி பண்ணப் போறேன். ஒண்ணு, மதுர அழகன் சார். தமிழ்ல சொல்லித் தாறாரு, வருஷச் சந்தா, எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாம். ரெண்டு, நீ படிக்கிற கொழும்பு ஒன்லைன் கிளாஸ். மூணு, லண்டன் கொம்பனி ஒண்ணு. கேள்வி வங்கி, மாதிரிப் பரீட்சை, "பாஸ் ஆகாட்டி அடுத்த தடவ சும்மா"ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கான்.

எல்லாரும் முன்னுக்கு நல்லாத்தான் பேசுறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேத்து அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனப்ப ஒரு யோசன வந்துச்சு. மலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கொழுந்து மரத்துல இருக்கு. அம்மா கை போகுது, கூடைக்கு வருது. கொம்பனிக் கணக்குல தேயிலை மரம் ஒரு சொத்து, சரி. பறிச்ச கொழுந்து சரக்கு, சரி. ஆனா பறிக்கிறதுக்கு முன்னாடி, மரத்துலயே நிக்கிற அந்தக் கொழுந்து என்னா? மரத்தோட சேத்தியா? இல்ல தனியா? எந்தக் கணக்குலடீ அது இருக்கு?

அம்மாகிட்ட கேட்டேன். "பறிச்சா தொரைக்கு, பறிக்காட்டி எனக்கு ஏச்சு. அதான் கணக்கு. போ, அந்தப் பக்கம் நில்லு, வெயில மறைக்காத"ன்னு சொல்லிருச்சு.

இந்த ஒரே கேள்விய மூணு பேருகிட்டயும் கேக்கப் போறேன். யாரு ஒழுங்காப் பதில் சொல்றாங்களோ அங்க சேருவேன். எப்படி ஐடியா? பதில் போடு, பதில் போடு.

தர்ஷி



கொழும்பு
2025 மார்ச் 9, ஞாயிறு

அடியே தர்ஷி,

ஒன் மெயிலப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் தேத்தண்ணி ஆறிப் போச்சு. மெயில்லயும் கத்த முடியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

ஒழுங்காக் கேளு. அழகன் சார் நல்லா சொல்லித் தருவாரு, இல்லங்கல. ஆனா அவரு சொல்லித் தாறது இந்தியா வரியடீ! நம்ம பரீட்சையில நம்ம நாட்டு வரியத்தான் கேப்பான். போன வாரம் நீ பயிற்சின்னு போட்டோ புடிச்சு அனுப்புனியே, அதுல மேல "ஜிஎஸ்டி", கீழ "மாநில வரி". மஸ்கெலியா எந்த மாநிலத்துலடீ இருக்கு?

லண்டன் கொம்பனி டொலர்ல கேப்பான். கார்ட் நம்பர ஒரு தடவ குடுத்துட்டா நீ வேணாம்னு சொல்ற வரைக்கும் மாசா மாசம் தானா எடுத்துக்குவான். "பாஸ் ஆகாட்டி சும்மா"ங்கிறதுக்குக் கீழ சின்ன எழுத்துல என்னா போட்டிருக்கான்னு பாத்தியா? எல்லா மாதிரிப் பரீட்சையும் எழுதி இருக்கணும், எல்லா வீடியோவும் முழுசாப் பாத்திருக்கணும். ஒன் பாறையில மழ வந்தா நீ என்னத்தப் பாப்ப?

எங்க கிளாஸ் மாசாமாசம் கட்டுறது. புடிக்காட்டி நிறுத்திக்கலாம். கிளாஸ் ரெக்கோர்டிங் ரெண்டு வாரந்தான் இருக்கும், அது ஒண்ணுதான் கொற. டில்ருக்ஷி மிஸ் இங்கிலீஸ்லதான் எடுப்பாங்க. சூப்பரா எடுப்பாங்க. எனக்கு எல்லாம் வெளங்குது. வாற சனிக்கெழம இலவச கிளாஸ் ஒண்ணு இருக்கு, லிங்க் கீழ போட்டிருக்கேன். எங்க கிளாஸ்ல எல்லாம் பெரிய பெரிய ஸ்கூல் ஆளுங்க. வந்து பாரு, கேளு, சத்தம் போடாத.

என் லொகின தந்தா ரெண்டு பேரும் பாக்கலாமேன்னு கேப்ப. தர மாட்டேன். ரெண்டு போன்ல தொறந்தா பூட்டிருவாங்க.

கொழுந்துக் கேள்வியெல்லாம் பரீட்சைக்கு வராது. நேரத்த வீணாக்காத.

தனு



மஸ்கெலியா
2025 மார்ச் 13, வியாழன்

தனூ,

ஆராய்ச்சி முடிவு ரெண்டு வந்துருச்சு!

லண்டன் கொம்பனியில கார்ட் கேக்காம ஒரு வாரம் சும்மா பாக்கலாம்னு விட்டான். உதவிப் பெட்டியில கேள்வியப் போட்டேன். டக்குன்னு பதில்! எனக்குச் சந்தோசம் தாங்கல. பாத்தா, "விவசாயம்" பாடத்துக்கு ஒரு லிங்க், அதுக்குக் கீழ "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா? ஆம், இல்லை"ன்னு ரெண்டு பட்டன். இல்லைய அமுக்குனேன். அதே லிங்க் திரும்ப வந்துச்சு. திரும்ப இல்லை. திரும்ப அதே லிங்க். மெஷினுக்கும் எனக்கும் சண்டை. லிங்க்க தொறந்தா சந்தா கட்டச் சொல்லுது. ஆனா ஒண்ணு சொல்லணும், அவனோட கேள்வி வங்கி அருமைடீ. தப்புப் பண்ணா ஏன் தப்புன்னு சொல்லுது, திட்டாம சொல்லுது.

அழகன் சார் லைவ்ல வந்தாரு. கேள்விய டைப் பண்ணேன். அவரு வாசிச்சாரு! "நம்ம மஸ்கெலியா தங்கச்சி தர்ஷிகா, தேயிலைத் தோட்டத்துல இருந்து, அடடா"ன்னு ஆரம்பிச்சு, "என்ன அழகான ஊரு, ஒரு நாள் வரணும், டீ குடிக்கணும்"னு சொல்லி, "சூப்பர் கேள்வி, அடுத்த வீடியோல பாப்போம்"னு முடிச்சிட்டாரு. அடுத்த வீடியோவும் வந்துருச்சு. அதுல சந்தா தள்ளுபடி இந்த மாசம் முப்பத்தொண்ணாந் தேதியோட முடியுதுன்னு இருந்துச்சு. என் கேள்வி இல்ல. கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. ஆனாலும் அவர விட்டுக் குடுக்க மாட்டேன். தேய்மானத்த அந்த மனுசன் சட்டக் காலரு நைஞ்சு போறத வச்சு சொல்லித் தந்தாருடீ. இப்ப யாரோட சட்டையப் பாத்தாலும் எனக்குத் தேய்மானந்தான் தெரியுது.

வரி விஷயத்துல நீ சொன்னது சரி. சொல்லிச் சொல்லிச் சிரிக்காத. எனக்கு இப்பத் தமிழ்நாட்டு வரி தூக்கத்துலயும் போட வரும். அங்க போய் வேல கேக்கலாம்.

சனிக்கெழம ஒன் கிளாஸுக்கு வாறேன். சத்தம் போட மாட்டேன். சத்தியம்.

தர்ஷி



மஸ்கெலியா
2025 மார்ச் 15, சனி

தனு! கேட்டுட்டேன்! கேட்டுட்டேன்! பேசல, டைப்தான் பண்ணேன், அது சத்தம் இல்லியே! மிஸ் பேசுற இங்கிலீஸ்ல பாதி புரிஞ்சுச்சு, பாதி ஓடிப் போச்சு, ஆனா "கேள்வி இருந்தா போடுங்க"ன்னது நல்லாப் புரிஞ்சுச்சு. கேள்வியப் போட்டு ஒன்னப் பத்தியும் பெருமையா ரெண்டு வரி போட்டேன். மிஸ் வாசிக்க ஆரம்பிச்சாங்க, மஸ்கெலியா டேமு பக்கமிருந்து மழ ஏறிருச்சு, சிக்னல் செத்துருச்சு, நான் போனப் பாவாடையில சுத்திக்கிட்டு ஓடி வந்துட்டேன். அப்புறம் என்னா நடந்துச்சு? மிஸ் என்னா சொன்னாங்க? நீ என்னா சொன்ன? சொல்லு சொல்லு சொல்லு.



கொழும்பு
2025 மார்ச் 16, ஞாயிறு

தர்ஷிகாவுக்கு,

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

நீ எழுதியதை மிஸ் முழு வகுப்புக்கும் வாசித்தார். "தனுஜா என் உயிர்த் தோழி. நாங்கள் இருவரும் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். எங்கள் அம்மாமார் கொழுந்து எடுக்கிறார்கள். இது அவளுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும், அவளையே கேளுங்கள்." நீ எழுதிய இங்கிலீஸில் பிழை இல்லை. ஒரு சொல் விடாமல் எல்லாருக்கும் விளங்கியது.

அந்த வகுப்பில் நான் நுவரெலியா டவுன் பிள்ளை. அப்பாவுக்குப் பஜாரில் கடை. சேர்ந்த முதல் நாள் யாரோ கேட்டார்கள், வாயில் வந்தது. அதன் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

மிஸ் "தனுஜா, மைக்கைத் திறந்து விளக்குங்கள்" என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். என் முகம் பெரிதாகத் திரையில் வந்தது. எனக்குப் பதில் தெரியாது. நான் வகுப்பை விட்டு வெளியேறிவிட்டேன்.

உனக்கு எது விருப்பமோ அதை வாங்கிக்கொள். இனி என்னைக் கேட்காதே.

தனுஜா



மஸ்கெலியா
2025 மார்ச் 17, திங்கள்

தனு,

நீ எழுத்துத் தமிழ்ல எழுதுனதப் பாத்ததுமே எனக்குப் பயம் வந்துருச்சு. ஹாஸ்டல் வோர்டனுக்கு லெட்டர் எழுதுற மாதிரி எழுதியிருக்க. திட்டியிருந்தா பரவால்ல.

எனக்குத் தெரியாதுடீ. நீ அங்க அப்படிச் சொல்லி வச்சிருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? "வந்து பாரு, சத்தம் போடாத"ன்னு சொன்ன. அதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கு வெளங்கல.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்க, இருந்தாலும் கேக்குறேன். லயம்னு நான் சொன்னதுக்குக் கோவமா? இல்ல பதில் தெரியாம ஒன்ன மாட்டி விட்டதுக்குக் கோவமா? மொதலாவதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல. எங்கம்மா பேரச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிரும். ரெண்டாவதுக்கு ஆயிரம் தடவ கேக்குறேன். ஒனக்குத் தெரியும்னு நெசமாவே நெனச்சேன். "எல்லாம் வெளங்குது"ன்னு எழுதியிருந்தியே.

பதில் போடு. திட்டியாவது போடு.

தர்ஷி



மஸ்கெலியா
2025 மார்ச் 30, ஞாயிறு

தனு,

ரெண்டு ஞாயிறு போயிருச்சு. நீ போடல.

நாளையோட அழகன் சார் தள்ளுபடி முடியுது. அம்மா தெனமும் "வாங்கிட்டியா, வாங்கிட்டியா"ன்னு கேக்குது. எனக்குக் கை வரல. அவருகிட்டப் போனா ஆகஸ்ட் பரீட்சைக்கு வரிப் பாடம் இல்ல. லண்டன்காரன் மெஷின். ஒன் கிளாஸுக்கு நீ சொல்லாம நான் எப்படி வாறது? அங்க வந்து உக்காந்தா ஒனக்குத் திரும்ப ஒரு தொல்ல.

நான் வேல பாக்குற பஜார் கடையில பில்லு போட்டுக்கிட்டே யோசிச்சேன். நம்ம ஒண்ணா எழுதலேன்னா இந்தப் பரீட்சை எனக்கு எதுக்குன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் அது பொய்யின்னும் தோணுச்சு. ஒத்தையா இருந்தாலும் எழுதுவேன். ஆனா பக்கத்துல நீ இருந்தா நல்லா இருக்கும்.

இன்னும் அந்தக் கேள்வி மண்டையிலயே நிக்குது. மரத்துல நிக்கிற கொழுந்து மாதிரி.

தர்ஷி



கொழும்பு
2025 ஏப்ரல் 6, ஞாயிறு

அடியே,

ரெண்டுக்குந்தான் கோவம். ஆனா ரெண்டாவதுதான் பெருசு. நீ கேட்டத வாசிச்சுட்டு போனத் தூக்கிப் போட்டுட்டேன். ஏன்னா நீ கேட்டது சரி.

எனக்கு ஒண்ணும் வெளங்கலடீ. ஜனவரியில இருந்தே. மிஸ் ஜோக் சொல்லுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். எதுக்குச் சிரிக்கிறேன்னு தெரியாது. "வெளங்குதா"ன்னு கேட்டா மொதல்ல கட்டவிரலத் தூக்கிக் காட்டுற ஆளு நான்தான்.

அந்தச் சனிக்கெழமைக்கு அப்புறம் கிளாஸுக்கே போகக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா மாசக் காச ஏற்கனவே கட்டியாச்சு. கமராவ மூடிட்டு உள்ள போனேன். மிஸ் மொத வார்த்தையே என்னா சொன்னாங்க தெரியுமா? "அந்த மஸ்கெலியாப் பிள்ளை எங்கே? அவள் கேள்வி இன்னும் என் பலகையிலேயே இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்." பெரிய ஸ்கூல் ஆளுங்கள்ல ஒருத்தன் "மரத்தோட சேத்தி"ன்னான். "ஏன்"னு கேட்டாங்க. அவனும் சிரிச்சான். நான் சிரிக்கிற அதே சிரிப்பு! எனக்கு நல்லாத் தெரியும் அது.

"அடுத்த வாரம் பதிலோடு வாருங்கள்"னு விட்டுட்டாங்க. எனக்குச் சும்மா இருக்க முடியல. பஸ்ஸுல போறப்ப, வாறப்ப தேடித் தேடிப் படிச்சேன். இங்கிலீஸ்ல படிச்சா ஏறல. சொல்ல வெக்கமா இருக்கு, ஒன் அழகன் சாரோட இலவச வீடியோவப் பாத்தேன். அந்தச் சட்டக் காலரு வீடியோ. சிரிக்காத. அதப் பாத்துட்டுத் திரும்ப இங்கிலீஸ்லப் படிச்சா கடகடன்னு ஏறுது.

கேளு. தேயிலை மரம் ஃபெக்டரி மெஷின் மாதிரி. வருஷக் கணக்குல நின்னு கொழுந்து விடுறதால கட்டடம், மெஷினோட சேத்தி, வருஷா வருஷம் தேய்மானம் போடணும். பறிச்ச கொழுந்து சரக்கு. நடுவுல, மரத்துல நிக்கிற கொழுந்து ரெண்டும் இல்ல. அது தனி. உயிருள்ள சொத்து. அதுக்குத் தேய்மானம் கெடையாது. அன்னிக்குச் சந்தையில என்னா வெல போகுமோ, அதுல விக்கிற செலவக் கழிச்சு மதிக்கணும். ஒரே மரம், ஒரே கிளை, மேல ஒரு சட்டம், கீழ ஒரு சட்டம்! பறிக்கிற அந்த நிமிஷம் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டுது. அதத் தாண்ட வைக்கிறது எங்கம்மாவும் ஒங்கம்மாவும்.

போன வாரம் மிஸ் கேட்டாங்க. மைக்கத் தொறந்தேன். கமராவையும் தொறந்தேன். இங்கிலீஸ்ல ஆரம்பிச்சேன், நடுவுல நின்னுட்டேன். மிஸ் "தமிழ்ல சொல்லுங்க, யாராவது மொழிபெயர்ப்பாங்க"ன்னாங்க. கிஷாந்த்னு ஒருத்தன் மொழிபெயர்த்தான். சொல்லி முடிச்சதும் மிஸ் "இது எப்படித் தெரியும்"னு கேட்டாங்க. "எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க, ராகலையில"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். மிஸ் அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. நான் பயந்ததெல்லாம் இவ்வளவுக்குத்தானான்னு இருந்துச்சு.

கிளாஸ் முடிஞ்சதும் அந்தக் கிஷாந்த் தனியா மெசேஜ் போட்டான். கொழும்பு ஆளுன்னு நெனச்சிருந்தேன், அவனும் நம்ம மலைத் தோட்டத்து ஆளாம். "நான் பொகவந்தலாவ. யாருகிட்டயும் சொல்லாதீங்க"ன்னு எழுதி, அத அழிச்சிட்டு, திரும்ப "சொன்னாலும் பரவால்ல"ன்னு போட்டான்.

ஒன் சந்தாவ நீதான் முடிவு பண்ணணும். நான் சொல்லி இதுவரைக்கும் நல்லது நடக்கல. ஆனா எனக்கு வெளங்கலன்னா ஒன்னக் கேக்கலாம்னா, எனக்கு ஆகஸ்ட் பரீட்சை வேணும்.

தனு



மஸ்கெலியா
2025 ஏப்ரல் 20, ஞாயிறு

தனு, தனு, தனு, சேந்துட்டேன்டீ!

அழகன் சாரோட தள்ளுபடி முடிஞ்ச அன்னிக்கு நான் பாறையிலதான் இருந்தேன். பட்டன் மேல வெரல் வச்சுட்டு எடுத்துட்டேன். அவர விடல, இலவச வீடியோ அத்தனையும் பாப்பேன், ஹார்ட்டும் போடுவேன். அவரு ரசிகை வேற, பரீட்சை வேற. லண்டன்காரனோட சும்மா வாரத்துலயே அவன் கேள்விகள் முடிஞ்ச மட்டும் செஞ்சு பாத்துட்டேன். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா"ன்னு இன்னும் மெயில் அனுப்புறான்.

ஒங்க கிளாஸத்தான் எடுத்தேன். ஏன்னு கேளு. பதில் சொன்னதால இல்ல. மிஸ் பதிலே சொல்லலியே! கேள்வியப் பலகையில வச்சுட்டு ஒங்களயெல்லாம் தேட விட்டாங்க. மூணு இடத்துல என் கேள்விய அடுத்த வாரம் வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தது அவங்க மட்டுந்தான். அதோட மாசாமாசம் கட்டுறதால, புடிக்காட்டி அம்மா காசு முழுசாப் போகாது. மழ வந்து கிளாஸ் விட்டுப் போனா ரெண்டு வாரத்துக்குள்ள ரெக்கோர்டிங் பாத்துக்குவேன், அதுவும் விட்டுப் போனா நீ இருக்க.

நேத்து மொத கிளாஸ். உள்ள வந்ததும் பேருப் பட்டியலத்தான் பாத்தேன். எல்லாரும் வெறும் பேரு. நடுவுல ஒண்ணு, "தனுஜா, ராகலை". அதுக்குக் கீழ "கிஷாந்த், பொகவந்தலாவ". நான் என் பேர மாத்தி "தர்ஷிகா, மஸ்கெலியா"ன்னு போட்டதுக்கு அப்புறந்தான் பாத்தேன், கீழ எங்கேயோ "வினோஜன், பொல்பிட்டிய"ன்னு புதுசா ஒண்ணு மொளச்சிருந்துச்சு. அதுவும் நம்ம மலைப் பக்கத்து ஊரு, யாருடீ அது? ஒனக்குத் தெரியுமா? இவ்வளவு நாளும் எங்க இருந்தாரு?

அம்மாகிட்ட ஒன் பதிலச் சொன்னேன். முழுசாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "அப்ப நான் கை வைக்கிற வரைக்கும் அது உசுரோட இருக்கு, கை வச்சா சரக்கு. நல்ல கணக்கு. என்னயக் கொலகாரின்னு சொல்றியா?"ன்னுச்சு. மடுவத்துல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கொழுந்து நிறுக்கிற கண்டாக்கையாவும் சிரிச்சிட்டாரு. சிரிச்சிட்டு எட நிறுக்கிறதுல கொழுந்துல ஒட்டியிருக்க தண்ணிக்குன்னு வழக்கம் போலக் கழிச்சாரு. அந்தக் கழிவு எந்தக் கணக்குல போகுதுன்னு நான் இன்னும் கேக்கல. கேப்பேன்.

இப்ப ஒரு வேல. இந்த மெயில நீ கிஷாந்த்துக்கு அனுப்பு. அந்த வினோஜனுக்கு அனுப்பு. ராகலையில, ஹட்டன்ல, மஸ்கெலியாவுல, பொகவந்தலாவயில இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறவங்க யாரு இருந்தாலும் அனுப்பச் சொல்லு. எந்தக் கிளாஸ்ல சேந்தவங்களா இருந்தாலும் சரி, எதுலயும் சேராதவங்களா இருந்தாலும் சரி. நீ அடுத்த மாசம் வெசாக் லீவுக்கு வாறப்ப ஹட்டன்ல கூடுவோம். ஒங்களுக்கு வெளங்காதது ஒண்ணோட வாங்க, அதான் டிக்கட். எல்லாம் வெளங்குதுங்கிறவங்களுக்கு எடமில்ல.

என் டிக்கட்ட இப்பவே போடுறேன். இங்க மேல் மலையில கவ்வாத்து வெட்டி மரத்த மொட்டையா விட்டிருக்காங்க. இப்போதைக்குக் கொழுந்து இல்ல. மெஷின் மாதிரின்னு சொன்னியே, ஓடாத மெஷினுக்கும் தேய்மானம் உண்டா?

மழ ஏறுது. சீக்கிரம் பதில் போடு, எல்லாரும் போடுங்க.

தர்ஷிகா, மஸ்கெலியா